மெழுகு நூல்

கார்புரேட்டர் வாயிலிருந்து தீ நாக்கை நீட்டியபோது சின்னவன் யோசிக்கவில்லை. காலடியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து அப்படியே பொத்தினான். புஸ்ஸென்று ஒரு சத்தம். ஆவியும் பெட்ரோல் நாற்றமும் கிளம்பி ஷெட்டை நிறைத்தன. முடி கருகிய வாசனை தனியாக வந்தது. அது தன்னுடைய புருவம்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

“சாவியை ஆஃப் பண்ணுங்க அண்ணே.”

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவி திருப்பிக்கொண்டிருந்த பேட்டரிக் கடைக்காரர் இப்போது சீட்டில் இல்லை. ஷெட் வாசலுக்கு வெளியே, பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

“பண்ணியாச்சுப்பா. பண்ணிட்டுத்தான் குதிச்சேன். உசிரு மேல எனக்கு அவ்வளவு மரியாதை.”

தெருவே அவரை வோல்ட்டு என்றுதான் கூப்பிடும். பேட்டரி விற்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை அது. தொட்டால் போதும், பேச்சு பாயும்.

மணி பதினொன்று. நாலு மணிக்குப் பழைய இரும்புக்கடைக்காரர் வருகிறார். வந்தால் இந்தச் சின்ன லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார். நாளைக்குக் காலையில் கேஸ் வைத்து அறுப்பார். மத்தியானத்துக்குள் கதவு ஒரு பக்கம், சேஸிஸ் ஒரு பக்கம் என்று எடை மேடையில் கிடக்கும்.

லாரி ஓட வேண்டும் என்றுகூடச் சின்னவனுக்கு ஆசை இல்லை. அன்றைக்கு ஏன் ஓடவில்லை என்று தெரிந்தால் போதும். ஐந்து மணி நேரம் இருக்கிறது.

முப்பத்தாறு நாளுக்கு முன்னால், அவனுடைய அண்ணன் மூன்று ராத்திரி தொடர்ந்து வண்டி ஓட்டிவிட்டு வந்து நின்றான். கண் இரண்டும் மிளகாய் தேய்த்த மாதிரி சிவந்திருந்தன. ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்றான். பெரியவன் ஓட்டுவான், சின்னவன் ரிப்பேர் பார்ப்பான். பதினேழு வருஷமாக அந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு. சின்னவன் நாலு பிளக்கையும் கழற்றிக் கரி சுரண்டினான். நெருப்பை நேரம் பார்த்து நாலு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில் புது பாயிண்ட் போட்டான். வேலை முடிய ராத்திரி பத்தாகிவிட்டது. தானே ஸ்டார்ட் செய்து காட்டினான். இன்ஜின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் தளும்பாது, அப்படி ஓடியது.

“கையில என்னடா வச்சிருக்க” என்று பெரியவன் அவன் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான். அண்ணன் அவனைக் கடைசியாகத் தொட்டது அதுதான்.

விடிந்ததும் அதே வண்டி கிளம்பவில்லை. இருமியது, வெடித்தது, அணைந்தது. பெரியவன் அரை மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு, டிரைவர் வராமல் நின்ற ஒரு ஜல்லி லாரியை ஓட்டப் போய்விட்டான். மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் அந்த லாரி திரும்பவே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள்.

ஷெட்டுக்குப் பின்னால் இருபதடியில் சின்னவனின் அறை. அன்றைக்கு அவன் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் அவனை எழுப்பவில்லை.

யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவனைத் தின்றது. துக்கத்துக்கு வந்த ஒருவர் மட்டும், “முந்தின நாள்தானே நீ சர்வீஸ் பண்ணினே?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தக் கடி போதும். அன்றைக்கு இறங்கிய ஒர்க்‌ஷாப் ஷட்டர் இன்னும் ஏறவில்லை. வண்டியோடு வருகிறவர்களிடம் “கை சரியில்லை” என்று சொல்லி அனுப்பினான். கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

லாரியை இரும்புக்குப் போடுகிறேன் என்று அண்ணி சொன்னபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

“ஒரே ஒரு நாள் கொடுங்க அண்ணி. எங்க விட்டேன்னு பார்த்துடறேன்.”

“பார்த்து என்ன ஆகப்போகுது?”

“இனிமே நான் ஸ்பேனர் தொடலாமா கூடாதான்னு தெரிஞ்சிடும்.”

அண்ணி கையிலிருந்த தார்ப்பாயை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

*

வெளியே தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. தகரக் கூரையில் பொரி பொரிகிற சத்தம். வோல்ட்டு உள்ளே வந்து ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

“மொதல்ல இருந்து வா. போலீஸ் ஸ்டேஷன்ல பண்ற மாதிரி ஒவ்வொருத்தனா கூப்பிட்டு விசாரிப்போம். பிளக்கு?”

“நாலும் சுத்தம். வெளியில எடுத்து இன்ஜின் மேல வச்சுப் பார்த்தேன். நாலுலயும் நீல நெருப்பு சும்மா குதிக்குது.”

“பாயிண்ட்டு?”

முப்பத்தாறு நாளும் சின்னவன் மனசு அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. பாயிண்ட்டைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூ. அதைக் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினேனா, இல்லையா? தூக்கத்திலும் அந்த ஸ்க்ரூ வந்தது. இன்று காலையில் முதல் வேலையாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். ஸ்க்ரூ இறுகித்தான் இருந்தது. இடைவெளி மயிரிழைகூட மாறவில்லை. அதில் அவனால் சந்தோஷப்பட முடியவில்லை. அங்கே இல்லை என்றால் வேறு எங்கே?

“சரியா இருக்கு” என்றான்.

“கண்டென்சர்?”

“நீங்க கொண்டுவந்ததைப் போட்டுப் பார்த்தாச்சு. அதே இருமல்.”

“காயிலு?”

“அதுவும் உங்களுதுதானே இப்ப மாட்டியிருக்கு.”

“அப்ப என் சாமான் ரெண்டும் நிரபராதி. எழுதிக்க. டைமிங்?”

“ஒண்ணாம் சிலிண்டர் மேல வரும்போது ரோட்டர் ஒண்ணாம் நம்பரைத்தான் பார்த்துட்டு நிக்குது.”

வோல்ட்டு தாடையைச் சொறிந்தார். “அப்படின்னா ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. வயர் ரெண்டு இடம் மாறியிருக்கணும். கார்புரேட்டர் வழியா துப்புதுன்னா நெருப்பு வேற வீட்டுக் கதவைத் தட்டுதுன்னு அர்த்தம்.”

அன்றைக்கு முதல் தடவையாகச் சின்னவன் சிரித்தான்.

“மாறாதுண்ணே. அது அண்ணி போட்ட முடிச்சு.”

விஷயம் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு வயர் போகிறது. எது எந்த பிளக்குக்கு என்பதில் கணக்குத் தப்பக் கூடாது. தப்பினால் நெருப்பு நேரம் கெட்ட நேரத்தில் விழும். எலி ஒரு தடவை வயரைக் கடித்துவிட்டதால் பெரியவன் நாலையும் சேர்த்து ஓர் இரும்புக் குழாய்க்குள் நுழைத்துவிட்டான். ஒரு முனையில் நாலு வயர் உள்ளே போகும், மறுமுனையில் நாலு வயர் வெளியே வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நம்பர் எழுதினார்கள், எண்ணெய் தின்றது. டேப் ஒட்டினார்கள், சூட்டில் உருகியது.

அண்ணிதான் வழி சொன்னாள். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவள் தொழில். அதற்கென்றே மெழுகு பூசிய தடித்த நூல் வைத்திருப்பாள். அந்த நூலில் ஒன்றாம் வயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாம் வயருக்கு இரண்டு என்று இரண்டு முனையிலும் கட்டிக் கொடுத்தாள். நூலை இரண்டு சுற்று சுற்றி, வாலை உள்ளே இழுத்துப் போடுகிற முடிச்சு. நகராது, அவிழாது. பிளக் இருக்கிற இடம் இன்ஜினின் பின்பக்க இடுக்கு. தலையை நுழைக்க முடியாது. கையை விட்டு விரலால் முடிச்சை எண்ணித்தான் அண்ணனும் தம்பியும் ஐந்து வருஷமாக வயர் மாட்டினார்கள்.

சின்னவன் இப்போதும் கையை விட்டான். கிரீஸ் படிந்த விரல் நுனி ஒவ்வொன்றாக நகர்ந்தது.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. போதுமா? என் கையை நம்பாதீங்க, அண்ணி கையை நம்பலாம்.”

“அப்ப என் மூளை இறங்கிப்போச்சு. வீட்டுக்குப் போய் சாப்பிட்டு சார்ஜ் ஏத்திக்கிட்டு வரேன்.” வோல்ட்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். குரல் மாறியிருந்தது. “தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. ஓடலைன்னாலும் விட்டுடு. இன்ஜின்னா ஓடும், நிக்கும். அதுக்கு ஒரு மனுஷன் பொறுப்பு இல்லை.”

“நின்னது அவர் போன அன்னிக்காச்சே அண்ணே.”

வோல்ட்டு தலையைக் குனிந்துகொண்டு தூறலில் இறங்கி நடந்தார்.

*

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நேராக ஒரு கதவு உண்டு. முப்பத்தாறு நாளாக அது திறக்கவில்லை. அண்ணி தெருவழியாகச் சுற்றி, நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“ஒரு பக்கம் புருவத்தைக் காணோமே.”

“வளர்ந்துடும் அண்ணி.”

“சாப்பிட வா.”

“இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு…”

“பார்த்தது போதும். முட்டை பொரிச்சிருக்கேன். ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும்.” அவள் கண் லாரிமேல் படவே இல்லை. தரையைப் பார்த்தே பேசினாள். “கையை நல்லா கழுவிட்டு வா. காலையில நீ சாப்பிட்ட தட்டை மூணு தடவை தேய்ச்சேன், பெட்ரோல் வாசனை போகலை.”

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயசு. வந்த மாசமே அவனுக்கு ஒரு வேலைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். எட்டுப் பாக்கெட். “எதை எங்க வச்சேன்னு எங்கிட்ட வந்து கேட்கக் கூடாது” என்றாள். அன்றிலிருந்து அவன் போடுகிற வேலைச் சட்டையெல்லாம் அவள் தைத்ததுதான். அவள் சொல்லையும் அவன் தட்டியதில்லை.

சோப்பைக் குழைத்து முழங்கை வரை தேய்த்தான். நகக்கண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டினான். கை வெளுத்துப்போய், யாருடைய கையோ மாதிரி இருந்தது.

சோறு சூடாக இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். அவள் தட்டில் பேருக்கு ஒரு கை சோறு. மூலையில் பாதி தைத்த தார்ப்பாய் செத்த யானை மாதிரி சரிந்து கிடந்தது.

“அண்ணி.”

“சாப்பிடு.”

“ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அன்னிக்குக் காலையில அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

கரண்டி பாத்திரத்தில் மோதி நின்றது.

“எத்தனை தடவை கேட்ப?”

“நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலையே. திட்டினாரா? இவனை நம்பி வண்டியை விட்டேன் பாருன்னு ஏதாவது… திட்டியிருந்தா பரவாயில்லை அண்ணி. தாங்கிப்பேன். இருபதடி நடந்து வந்து எழுப்பாம போனார் பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. இவன் கை ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானே போயிருக்கார்?”

“அப்படியெல்லாம் இல்லை.”

“வேற எப்படி?”

அண்ணி எழுந்தாள். “மோர் எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனாள். மோர் அவன் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே தண்ணீர்க் குழாய் வெகுநேரம் சும்மா ஓடியது.

*

மூன்று மணி. தூறல் நின்று வெயில் அடித்தது. தகரம் சூடேறி முனகியது.

சின்னவன் தோற்றுவிட்டான். வோல்ட்டின் காயிலைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டுப் பழைய காயிலைத் திரும்ப மாட்டினான். கண்டென்சரையும் அப்படியே. அறுக்கப்போகிற வண்டிதான், இருந்தாலும் அரைகுறையாக விட அவனுக்கு மனசு வரவில்லை. கடைசியாக, பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் விட்டு முடிச்சுகளைத் தடவினான்.

ஒன்று. நூல் எண்ணெயும் சூடும் ஏறிக் குச்சி மாதிரி விறைத்திருந்தது.

இரண்டு. மெத்தென்றிருந்தது.

விரல் அங்கேயே நின்றது. மூன்றாவதுக்கு நகர்ந்தது. அதுவும் மெத்தென்று. நாலாவது மறுபடி குச்சி.

கையை வெளியே எடுத்து வெயிலில் பார்த்தான். சோப்புப் போட்டுக் கழுவிய கை. ஒன்றைத் தொட்ட விரலில் தார் மாதிரி கறுப்பு. நாலைத் தொட்ட விரலிலும் கறுப்பு. நடுவில் இரண்டையும் மூன்றையும் தொட்ட விரல்களில் கொஞ்சம் தூசி. அவ்வளவுதான்.

காலையில் கையெல்லாம் கிரீஸ். எந்த முடிச்சைத் தொட்டாலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வந்தான். மூன்று முடிச்சுப் போட்ட வயரின் முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தான். இன்னொரு கையைப் பின்னால் விட்டுப் பிளக் முனைகளில் வைத்திருந்தான். இந்தப் பக்கம் மூன்றை இழுத்தால் அந்தப் பக்கமும் மூன்றுதான் அசைய வேண்டும்.

இரண்டு அசைந்தது.

இன்னொரு தடவை இழுத்தான். இரண்டுதான் அசைந்தது.

வோல்ட்டு சொன்னது சரி. இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. வயரை மட்டும் மாற்றியிருந்தால் முடிச்சு காட்டிக் கொடுத்திருக்கும். பிளக் பக்கம் இருந்த பழைய நூலை வெட்டி எறிந்துவிட்டு, புது நூலில் முடிச்சையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு சுற்று சுற்றி, வாலை உள்ளே இழுத்த முடிச்சு. நகராது, அவிழாது. அந்த முடிச்சைப் போடத் தெரிந்த கை இந்த வீட்டில் ஒன்றுதான்.

சின்னவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஒரு கஜம் ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, நின்றது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது. தன் கை தப்புச் செய்யவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தானே காலையிலிருந்து புருவத்தைக் கருக்கிக்கொண்டான்? தெரிந்துவிட்டது. தெரிந்ததும் இறங்க வேண்டிய பாரம் இறங்கவில்லை. இன்னொரு தோளுக்கு மாறி நின்றது. அந்தத் தோள் யாருடையது என்பதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

எழுந்தான். சட்டையின் எட்டுப் பாக்கெட்டில் ஒன்றிலிருந்து பிளேடை எடுத்து இரண்டு புது நூலையும் வெட்டினான். வெட்டியதைச் சுருட்டி இன்னொரு பாக்கெட்டில் போட்டான். வயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினான். சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த சீட் ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது.

சாவியைத் திருப்பினான்.

ஒரு இருமல் இல்லை, ஒரு வெடி இல்லை. இன்ஜின் எடுத்த எடுப்பில் பிடித்து, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. தளும்பாத டம்ளர் தண்ணீர்.

*

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் வோல்ட்டு. அவருக்குப் பின்னால், கையில் சங்கிலியோடு இரும்புக்கடைக்காரர். ஓடுகிற வண்டியைப் பார்த்ததும் அவர் சங்கிலியை ஒளித்துக்கொள்வது போல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“அட, செத்த வண்டின்னுல்ல சொன்னாங்க.”

“என்னடா பண்ணினே?” வோல்ட்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். “எது?”

சின்னவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். திடீரென்று வந்த நிசப்தத்தில் தகரம் சொடுக்கியது.

“நீங்க சொன்னதுதான் அண்ணே. வயர். ரெண்டும் மூணும் மாறியிருந்தது.”

“முடிச்சு எண்ணினியே?”

“தப்பா எண்ணிட்டேன் போல. அன்னிக்கு ராத்திரி தூக்கக் கலக்கம்.”

“அன்னிக்கு ராத்திரி ஓடிச்சேப்பா. நீதானே சொன்னே?”

“ஓடினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை கழட்டி மாட்டினேன்.” அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “என் கைதான் அண்ணே. விட்டுடுங்க.”

இரும்புக்கடைக்காரர் த்சொ என்று நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். வோல்ட்டு மறுபடி குனிந்து வயர்களைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் கதவு திறந்தது. முப்பத்தாறு நாள் துருவோடு கீல் கத்தியது. அண்ணி படியில் நின்றாள். விரலில் தார்ப்பாய் ஊசிக்கான தோலுறை மாட்டியபடியே இருந்தது. இந்தத் தடவை அவள் லாரியை நேராகப் பார்த்தாள்.

“பாக்கெட்ல என்ன வச்சிருக்க?”

“ஒண்ணுமில்லை அண்ணி. நீங்க உள்ள போங்க.”

“நூலை எடு.”

அவன் அசையவில்லை. அவளே இறங்கி வந்தாள். எந்தப் பாக்கெட் என்று அவளுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை, தைத்தவள் அவள். இரண்டு துண்டு நூலையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து வோல்ட்டுக்கு நீட்டினாள்.

“இவன் தப்பா எண்ணலை. மாத்தினது நான்.”

“அண்ணி, வேணாம்.”

“சும்மா இரு. எத்தனை நாளுக்கு நீ சோறு தின்னாம என் எதிர்ல உட்கார்ந்திருப்ப?” அவள் குரல் உயரவில்லை. தையல் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். “மூணு ராத்திரியா அவர் கண்ணை மூடலை. படுக்கிறேன்னு உட்கார்ந்தவர், விடிஞ்சதும் லோடு ஏத்தணும்னார். கெஞ்சிப் பார்த்தேன், கேட்கலை. அவர் அசந்த நேரம் பார்த்து வந்து மாத்திட்டேன். வயரை மட்டும் மாத்தினா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார். அதான் முடிச்சையும் சேர்த்து மாத்தினேன். வண்டி கிளம்பலைன்னா ஒரு நாளாவது தூங்குவார்னு நினைச்சேன். வேற லாரிக்குப் போவார்னு எனக்குத் தோணவே இல்லை.”

வோல்ட்டு கையிலிருந்த நூலைப் பார்த்தபடி நின்றார்.

“பிரேக் இல்லை பிரேக் இல்லைன்னு எல்லாரும் சொன்னீங்க. அவர் தூங்கிட்டார். எனக்குத் தெரியும்.” அவள் தோலுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். “அந்த லாரிக்குக் கிளம்பறார்னு தெரிஞ்ச உடனே பதறிப்போச்சு. ‘நான்தான் மாத்தினேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். கோவிச்சுப்பார்னு பயந்துட்டேன். அந்த ஒரு கோவத்துக்குப் பயந்துட்டேன்.”

சின்னவன் அவள் பக்கம் ஒரு அடி வைத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீ கேட்டியே, அதையும் சொல்லிடறேன். வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். ‘இருங்க, தம்பியை எழுப்பறேன், அவன் வந்தா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான்’னு சொன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டே உன் ரூம் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சிரிச்சார். ‘வேணாம், ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை பார்த்தான். அவனாவது தூங்கட்டும்’னார்.”